கல்யாணத் தரகு வேலையில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

வைகாசியில் ஈரோடு பக்கம் ஒரு பெண் வீட்டுக்கு ஜாதகம் கொண்டு போனேன். "போன மாசம் பார்த்துட்டுப் போனவங்க இன்னும் பதில் சொல்லலீங்க, அதுக்குள்ள எப்படிங்க இன்னொண்ணு பார்க்கிறது?" என்றார் பெண்ணின் அம்மா. அந்த மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் நிச்சயமாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. நடுவில் இருந்த தரகர் புதுப் பையன், வாயே திறக்கவில்லை. போன் நம்பரைத் தப்பாக எழுதுவதெல்லாம் நாலு நாளில் தானாகத் திருந்திவிடும். இது அப்படியில்லை.

"வேண்டாம்" என்ற பதிலை அமுக்கி வைப்பது

நானும் செய்தேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெண். பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் ரஜ்ஜுப் பொருத்தம் சரியில்லை என்றார்கள். பொருத்தம் பார்த்த பிறகுதானே வீட்டுக்கே வந்தார்கள், சாக்கு என்று தெரிந்தும், மனசு மாறும் என்று நம்பி, பெண் வீட்டில் "இன்னொரு ஜோசியரிடம் காட்டுகிறார்கள்" என்றேன். ஆடி போனது. ஆவணியிலும் அதையே சொன்னேன். இதற்கிடையில் திருப்பூரிலிருந்து வந்த நல்ல வரனை, ஒரு இடத்தில் பேச்சு இருக்கிறது என்று பெண்ணின் அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். ஐப்பசியில் சொந்தக்காரர் வீட்டில் அந்த மாப்பிள்ளையின் பத்திரிகையைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயமே தெரிந்தது. திட்டவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க" என்றார், அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாக இன்னும் இரண்டு வருடம் ஆனது.

பதில் வந்த அன்றே நேரில் போங்கள், ஜாதகத்தையும் போட்டோவையும் கையில் கொடுத்துவிடுங்கள். நிறம், உயரம் என்று அவர்கள் சொன்ன காரணத்தைச் சுமந்து போகாதீர்கள், அந்தப் பெண் அதைக் கேட்க வேண்டியதில்லை. "அமையலீங்க" போதும். பெண் வீட்டார் மறுத்தாலும் இதேதான்.

கூட்டம் கேட்காமல் பேச்செடுப்பது

கொங்கில் கூட்டம் என்பது குலப்பிரிவு. இரு வீடும் ஒரே கூட்டம் என்றால் பங்காளி. பத்துப் பொருத்தம் இருந்தாலும் பேச்சில்லை.

பவுன் கணக்கு பேசுவது

வரதட்சணை கேட்பது மட்டுமல்ல, கொடுக்க வாங்க உடந்தையாக இருப்பதும் 1961 சட்டப்படி குற்றம். "எவ்வளவு போடுவாங்க?" என்று நம்மிடம்தான் முதலில் கேட்பார்கள். நானாக ஒரு எண்ணைச் சொல்வதே கிடையாது. வாய்க்கு வந்த ஐம்பது பவுன், முகூர்த்த நேரத்தில் அந்த அப்பாவின் கழுத்தில் வந்து விழும்.

பிறந்த நேரத்தைத் திருத்துவது

கூடாது.

பாதியில் கமிஷன் கேட்பது

தாம்பூலம் மாற்றிய பிறகு கேளுங்கள்.