மெலினா மெர்கூரியை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கிரேக்க நடிகை மெலினா மெர்கூரியின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் நேராக 'டாப்காபி' (1964) படத்துக்குப் போய்விடுகிறார்கள். வண்ணப்படம், இஸ்தான்புல், அரண்மனைத் திருட்டு எல்லாம் உண்டு. ஆனால் அதில் ஆஸ்கர் வாங்கியவர் பீட்டர் உஸ்தினோவ். மெலினா கூட்டத்தில் ஒருவர்தான். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

தொடங்க வேண்டியது 'ஸ்டெல்லா' (1955). இதுதான் அவருடைய முதல் படம். அப்போதே வயது முப்பதைத் தாண்டிவிட்டது, நாடக மேடையில் பெயரும் வாங்கியிருந்தார். அந்தப் பக்குவம் முதல் காட்சியிலேயே தெரியும். காதலிப்பாள், கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் மசியமாட்டாள்: அப்படியொரு மதுவிடுதிப் பாடகி. கதைச்சுருக்கம் எதையும் படிக்காமல் உட்காருங்கள். முடிவு முன்பே தெரிந்துவிட்டால் பாதிப் படம் போச்சு. கிரேக்க ஒலியோடு உள்ள பிரதியா, வசன எழுத்து யாராவது போட்டதா என்று முதல் ஐந்து நிமிடத்தில் சரிபாருங்கள். இயந்திரம் தானாகப் போடும் எழுத்து பாட்டு வந்ததும் உளறத் தொடங்கிவிடும். பழைய சதுரவாக்குச் சட்டகம் என்பதால் டிவியில் 'ஜூம்' போட்டால் தலை வெட்டுப்படும், அதை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது 'நெவர் ஆன் சண்டே' (1960). கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது (பிரெஞ்சு நடிகை ஜான் மோரோவுடன் பகிர்ந்தது), ஆஸ்கர் பரிந்துரை இரண்டும் இதற்குத்தான். இயக்கிய ஜூல்ஸ் தாசனே கதையில் வரும் அமெரிக்கராகவும் நடித்திருக்கிறார். நடிப்பு சுமார்தான், பொறுத்துக்கொள்ளலாம். பெரும்பகுதி ஆங்கிலம், நடுநடுவே கிரேக்கம். அந்த இடங்களில் வசன எழுத்து வராத பிரதி என்றால் வேறு தேடுங்கள்.

இசையமைப்பாளர் மானோஸ் ஹஜிதாகிஸுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த 'தா பெத்யா து பிரேயா' ('பிரேயஸ் துறைமுகத்துப் பிள்ளைகள்') பாட்டு இதில்தான். ஜன்னலிலிருந்து துறைமுகத்துக்கு முத்தங்களை அனுப்புகிறாள் ஒருத்தி. 'ஏனா, தியோ, கே த்ரியா, கே தெஸ்ஸெரா' என்று ஒன்று முதல் நான்கு வரை எண்ணுவாள்; முதல் தடவையே காதில் பிடித்துவிடலாம். மெலினாவுடையது கொஞ்சம் கரகரத்த, தாழ்ந்த குரல். சுருதி சுத்தம் தேடினால் ஏமாற்றம்தான்; பேசுகிற மாதிரியே பாடுவதுதான் அவர் பாணி. பாட்டைத் தனியாகத் தேடும்போது தலிதா, கோனி ஃபிரான்சிஸ் பாடியவை முன்னால் வந்து நிற்கும். ஆங்கில வரிகள் வேறு சமாச்சாரம், ஞாயிற்றுக்கிழமை முத்தம் கிடையாது என்கிற வகை. இன்னொரு குழப்பம் வேறொரு கிரேக்கப் பாடகியான நானா மூஸ்கூரி. கறுப்புச் சட்டக் கண்ணாடி போட்டிருந்தால் அது நானா, மெலினா அல்ல. விக்கிப்பீடியாவில் உள்ள கிரேக்க எழுத்துப் பெயரை நகலெடுத்துத் தேடினால் இந்தக் கலப்படம் வெகுவாகக் குறையும்.

அடுத்து 'ஃபெத்ரா' (1962), மிகிஸ் தெயோதொராகிஸ் இசை. சோகம் கனமானது, ஒரே இரவில் மற்றதோடு சேர்த்துப் பார்க்காதீர்கள்.

கிரீஸில் 1967இல் வந்த ராணுவ ஆட்சி மெலினாவின் குடியுரிமையைப் பறித்தது. 1974 வரை வெளிநாட்டு வாசம். 1981இல் பண்பாட்டு அமைச்சரானார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, ஏதென்ஸின் பார்த்தெனான் கோயில் சிற்பங்களைத் திருப்பிக் கேட்டு 1986இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் விவாத மன்றத்தில் ஆங்கிலத்தில் பேசினார். அந்த உரையைப் படங்களுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெல்லா நிற்கிற நிற்பு தெரிந்தவர்களுக்கு அந்த அமைச்சரின் தோரணை புதிதாக இருக்காது.