வளைபாதம், மாறுகண்: நேரான பிறகு செய்யும் தவறுகள்

என் தங்கையின் மகன் பிறந்தபோது இடது பாதம் உட்புறமாக மடங்கி, உள்ளங்கால் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. ஆறு மாவுக்கட்டுகளுக்குப் பின் பாதம் நேரானது. அடுத்து, இரு செருப்புகளை ஒரு கம்பியால் இணைத்த கம்பிச் செருப்பு. தக்கலையிலிருந்து பார்க்க வந்த உறவினர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள்: "அதுதான் சரியாகிவிட்டதே, இனி எதற்கு இந்தக் கம்பிச் செருப்பு?" வளைபாதத்திலும் மாறுகண்ணிலும் நல்ல சிகிச்சையைப் பாழாக்குகிற கேள்வி இதுதான்.

ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்று வளைபாதத்தோடு பிறக்கிறது. ஆண் குழந்தைகளுக்கு இரு மடங்கு அதிகம். கிரகணத்தன்று தாய் காய் நறுக்கினாள் என்று ஒரு பேச்சு வீட்டில் கிளம்பும். அதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு அஞ்சிப் பிள்ளையின் காலைத் துணியால் மூடி வைக்கும் தாய்மார்கள் உண்டு. முதல் சில வாரங்கள் அப்படியே போய்விடும். அடுத்தது எண்ணெய். வர்ம ஆசான்களுக்குப் பேர்போன மாவட்டம் நம் கன்னியாகுமரி. சுளுக்குக்கு அவர்களிடம் போவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வளைபாதத்தில் எலும்புகளே இடம் திரும்பி, தசைநாண்கள் குறுகியிருக்கும். தடவிவிட்டால் அவை நீளாது.

இன்று உலகமெங்கும் பின்பற்றப்படுவது, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இக்னாசியோ பொன்செட்டி வகுத்த முறை. வாரம் ஒருமுறை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, விரலடியிலிருந்து தொடை வரை கட்டுப் போடுவார்கள். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு கட்டுகள் போதும். பல குழந்தைகளுக்குக் கடைசியில் குதிகால் நாணைச் சிறு கீறல் வழியாக வெட்டி, மூன்று வாரத்துக்கு ஒரு கட்டுப் போடுவார்கள். அதற்குள் நாண் நீளமாக வளர்ந்து சேர்ந்துவிடும்.

இந்த வாரங்களில் நடக்கும் பெரிய தவறு, அடுத்த கட்டுக்குப் போவதற்கு முந்தைய இரவே பழைய கட்டை வீட்டில் ஊறவைத்துப் பிரித்துவிடுவது. கொல்லங்கோட்டிலிருந்து விடியற்காலை பஸ் பிடிக்க வேண்டுமே என்ற அவசரம் புரிகிறது. ஆனால் கட்டில்லாமல் கழியும் அந்தச் சில மணி நேரத்தில் பாதம் பழைய இடத்துக்குத் திரும்பத் தொடங்கும். விரல்கள் தெரிகின்றனவா என்று தினமும் பாருங்கள். அவை கட்டுக்குள் மறையத் தொடங்கினால் கட்டு நழுவுகிறது என்று பொருள். வீங்கினாலோ, நீலம் பாரித்தாலோ, வெளுத்தாலோ அன்றைக்கே போக வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் என்பதால் கட்டு நனையாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலைதான்.

கம்பிச் செருப்பின் கதை இதன் பிறகு தொடங்குகிறது. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம். பிறகு இரவிலும் பகல் உறக்கத்திலும், நான்கு வயது வரையாவது. "பிள்ளையைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறாயே" என்று பாட்டி கண்ணீர் விட்டால் எந்தத் தாய்க்கும் மனம் இளகும். என் தங்கையும் ஒரு வாரம் கழற்றி வைத்தாள். குதிகால் மேலேறத் தொடங்கியது. மறுபடி இரண்டு கட்டுகள். வளைபாதம் திரும்பி வருவதற்கு முதன்மையான காரணம், செருப்பை ஒழுங்காகப் போடாததுதான். பிள்ளை இரண்டு மூன்று நாள் அழும், பிறகு பழகிவிடும். குதிகாலில் கொப்புளம் வந்தால் செருப்பு இறுக்கம் என்று நினைத்துத் தளர்த்திவிடுகிறோம். பெரும்பாலும் உண்மை நேர்மாறானது: தளர்வான செருப்புக்குள் குதிகால் வழுக்கி உரசுகிறது. நடு வாரைச் சரியாக இறுக்க வேண்டும்.

நடக்கத் தொடங்கிய பிள்ளை குத்தவைத்து உட்காரும்போது குதிகால் தரையில் படுகிறதா என்று கவனியுங்கள். படாவிட்டால் நொண்டும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிகிச்சை முழுதாக வெற்றி பெற்றாலும் கெண்டைக்கால் சற்று மெலிந்தும், பாதம் சற்றுச் சிறியதாகவும் இருக்கும். அதைத் தோல்வி என்று எண்ணி எண்ணெய்க் குப்பியை மறுபடி எடுக்க வேண்டாம்.

கண்ணுக்கு வருவோம். மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சிரிக்கிறோம். அந்த அதிர்ஷ்டத்துக்கு ஒரு கண்ணின் பார்வை விலையாகலாம். பிறந்து மூன்று நான்கு மாதம் வரை கண்கள் எப்போதாவது விலகுவது இயல்பு. எந்நேரமும் விலகியே இருந்தாலோ, அந்த வயதைத் தாண்டியும் விலகினாலோ உடனே காட்ட வேண்டும். மூக்குத் தண்டு அகன்ற குழந்தைக்கு மாறுகண் போலத் தோன்றுவதும் உண்டு. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் இரு கருவிழிகளிலும் ஒளிப்புள்ளி ஒரே இடத்தில் விழுந்தால் அது வெறும் தோற்றமாக இருக்கலாம். ஆனாலும் முடிவை மருத்துவரிடம் விடுங்கள். படத்தில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் மறுநாளே போங்கள். கண்புரையாகவோ கண்ணுக்குள் கட்டியாகவோ இருக்கலாம்.

விலகிய கண் அனுப்பும் காட்சியை மூளை ஒதுக்கிவிடும். அதுதான் சோம்பல் கண். அறுவைச் சிகிச்சை, கண்ணை அசைக்கும் ஆறு தசைகளில் ஒன்றிரண்டைச் சில மில்லிமீட்டர் நகர்த்தி, கண்ணை நேராக்கும். மூளை ஒதுக்கியதை அது மீட்காது. கண்ணாடியும், ஒரு கண்ணை ஒட்டி மூடும் கண்மறைப்பும் அதனால்தான் தொடர்கின்றன. மறைக்க வேண்டியது நன்றாகத் தெரிகிற கண்ணை. இதை மாற்றிச் செய்யும் வீடுகள் உண்டு. கண்ணாடியின் மேல் ஒட்டினால் பிள்ளை ஓரமாக எட்டிப் பார்க்கும், தோலில் ஒட்டுங்கள். சொன்ன நேரத்துக்கு மேல் மறைத்தால் நல்ல கண் மங்கலாம். ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அதற்கு மேல் பயனே இல்லை என்பதும் தவறு. இரண்டாவது அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் முதலாவது கெட்டுப்போனது என்று பொருளில்லை.

தலையை எப்போதும் ஒரு பக்கம் சாய்த்து வைக்கும் பிள்ளையைக் கழுத்துச் சுளுக்கு என்று தடவக் கொண்டுபோகிறோம். பிறவியிலேயே ஒரு கண் தசை பலவீனமாக இருந்து, இரட்டையாகத் தெரியாமலிருக்கப் பிள்ளை தலையைச் சாய்க்கக்கூடும். டுவேன் என்னும் பிறவிக் குறைபாட்டில் ஒரு நரம்பே சரியாக உருவாகியிருக்காது. அங்கே அறுவைச் சிகிச்சை முகத்தைத் திருப்பி வைத்துப் பார்ப்பதைக் குறைக்கும். கண்ணுக்கு இல்லாத அசைவைக் கொடுக்காது. இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டால் பின்னர் மருத்துவரோடு சண்டை வராது.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள், 2013-இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டமான ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய திட்டத்தைப் பற்றி அங்கன்வாடியிலோ, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கேட்கலாம். வளைபாதமும் பார்வைக் குறைபாடும் அதன் பட்டியலில் இருக்கின்றன. பிறந்தது முதல் 18 வயது வரை சிகிச்சை இலவசம்.