மூன்றாம் வடிவத்தை ‘ஹேவ்’ சேர்த்தே படியுங்கள்

ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற வினைச்சொற்களை அகர வரிசையில் மனப்பாடம் செய்யாதீர்கள். ஓசை ஒத்தவற்றைச் சேர்த்துவைத்து, மூன்றாம் வடிவத்தின் முன் ‘ஹேவ்’ போட்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். சிங், சேங், ஹேவ் சங். டிரிங்க், டிரேங்க், ஹேவ் டிரங்க். ரிங், ஸ்விம், பிகின் எல்லாம் இதே கூட்டம்தான். ஸ்பீக், ஸ்போக், ஹேவ் ஸ்போக்கன் என்று பிடித்துக்கொண்டால் பிரேக், ஃப்ரீஸ் இரண்டும் பின்னாலேயே வரும்.

இந்த உயிரொலி மாற்றம் பழைய ஆங்கிலத்திலிருந்தே வரும் ஒழுங்கு. அகர வரிசைப் பட்டியல் அதைச் சிதறடித்துவிடுகிறது. ‘ஹேவ்’ சேர்ப்பதன் பலன் இன்னும் பெரிது. ‘கோ’ என்ற சொல்லுக்கு ‘ஹேவ் கான்’ என்று நாக்கு பழகிவிட்டால், பலரும் தடுக்கி விழும் ‘ஹேவ் வென்ட்’ காதுக்கே உறுத்தும்.

ஆனால் ஓசையை மட்டும் நம்பிப் புதுச் சொல்லுக்கு ஊகிக்காதீர்கள். பிரிங் என்பது சிங் போலக் கேட்டாலும் அதன் இரண்டாம், மூன்றாம் வடிவங்கள் இரண்டுமே பிராட்தான். டீச்சுக்கு டாட், ரீச்சுக்கு வெறும் ரீச்ட். ‘டிட்’ வரும் இடத்தில் மூன்றாம் வடிவத்துக்கு வேலையே இல்லை: ‘டிட் நாட் கோ’ என்று முதல் வடிவம்தான் வரும்.