சந்தா கேட்கும் முன்: சிறுகதை இதழ் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, சிறுகதைக்கென்றே ஒரு காலாண்டிதழ் நடத்துகிறோம். சந்தா கேட்டுப் போன முதல் வீடுகளில் ஒன்று, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஓர் அம்மாவுடையது. “காசு குடுக்கிறேன் தம்பி. நடுவுல நிறுத்திட மாட்டீங்களே?” என்றார். முன்பு ஓர் இதழுக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறார். மூன்றாவது இதழோடு அது நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று ஒரு வரிகூட யாரும் எழுதிப் போடவில்லை.

அந்தக் கேள்வியை வைத்துத்தான் எங்கள் திட்டம் முழுவதையும் திருத்தினோம். சந்தா வாங்கும் அன்றே நாம் வாசகருக்குக் கடன்பட்டவர்கள் ஆகிறோம். இன்னும் எழுதப்படாத கதைகளுக்காக அவர் பணம் தருகிறார். இதை மறப்பதால் வரும் தவறுகள்தான் இதழ்களை மூட வைக்கின்றன.

முதல் தவறு, வந்த சந்தா முழுவதையும் கையிருப்பு என்று எண்ணுவது. ஆண்டுக்கு நான்கு இதழ், சந்தா 40 ரிங்கிட், சேர்ந்தவர்கள் 60 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 2,400 ரிங்கிட் வரும். அட்டை பளபளப்பாக இருக்கட்டும், பக்கம் கூடட்டும் என்று முதல் இதழுக்கே 1,500 செலவழித்தால், மீதி மூன்று இதழுக்கு 900தான் இருக்கும். ஓர் இதழ் வாசகர் கையில் சேர்ந்த பிறகே, ஆளுக்கு 10 ரிங்கிட் வீதம் 600 ரிங்கிட் நம்முடையது. அதுவரை அது அவர்கள் பணம். தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். வீட்டுச் செலவுக் கணக்கோடு சேர்க்காதீர்கள். 600 ரிங்கிட்டில் ஓர் இதழை அச்சடித்து அஞ்சலில் அனுப்ப முடியவில்லை என்றால், பக்கத்தைக் குறையுங்கள் அல்லது விலையைக் கூட்டுங்கள். “ஆள் சேரச் சேரச் சரியாகிவிடும்” என்று நம்பி இறங்க வேண்டாம். ஒவ்வொரு பிரதியிலும் நட்டம் என்றால், ஆள் சேரச் சேர நட்டம்தான் பெருகும்.

தமிழ் இதழ்களுக்குப் பழகிப்போன ‘ஆயுள் சந்தா’வை நான் வேண்டாம் என்றே சொல்வேன். 300 ரிங்கிட் வாங்கினால், மேற்சொன்ன விலையில் ஏழரை ஆண்டில் அது தீர்ந்துவிடும். பிறகு அனுப்பும் ஒவ்வொரு பிரதியும் நம் கையிலிருந்துதான் போக வேண்டும். நம்மிடம் மிகுந்த அன்பு காட்டியவர்களே நமக்குப் பெரிய சுமையாகிவிடுவார்கள். கூடுதலாகத் தர விரும்புகிறவரிடம் நன்கொடை என்று சொல்லியே வாங்குங்கள். அதற்குத் தனி ரசீது கொடுங்கள்.

தோட்டத்து மக்கள் சிறுகச் சிறுகக் கட்டிப் பழகியவர்கள். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், இதே ஊர்க்காரரும் அப்போது அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தவணையாகப் பங்குப் பணம் கட்டினார்கள். சங்கம் தோட்டங்களை வாங்கியது. வேறு இடங்களில் கூட்டாகப் பணம் கட்டி ஏமாந்தவர்களும் இவர்களில் உண்டு. ஆகவே தவணைக்கு இடம் கொடுங்கள், கணக்கையும் காட்டுங்கள். எத்தனை சந்தா, அச்சுக்கு எவ்வளவு, எழுத்தாளருக்கு எவ்வளவு என்று இதழின் உள்ளட்டையில் நான்கு வரி போட்டால் போதும்.

ஆனால் தவணை என்றதும் மாதம் ஐந்து ரிங்கிட் என்று வைத்துவிடாதீர்கள். இணையவழிக் கட்டணச் சேவை ஒவ்வொரு முறையும் ஒரு ரிங்கிட் பிடித்தால், ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். அரையாண்டுக்கு 20 ரிங்கிட் என்பது சரியாக வரும். கைபேசியில் வருடிப் பணம் அனுப்பும் டுயிட்நவ் கியூஆர் குறியீட்டை வைத்திருங்கள். ரொக்கமாகத் தருகிறவர்களுக்காக ரசீதுப் புத்தகமும் பையில் இருக்கட்டும். மாதக் கடைசியில் போய் நிற்காதீர்கள். சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் தரப்பட வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். ஏழுக்கும் பதினைந்துக்கும் இடையில் போங்கள். தீபாவளிக்கு முந்திய மாதத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்தது மேடை. வெளியீட்டு விழாவில் பிரமுகர் ஒருவர் நூறு சந்தா எடுப்பதாக அறிவிப்பார், கைதட்டல் எழும். அந்த நூறு பிரதியும் பெட்டியோடு ஓர் அலுவலக மூலையில் கிடக்கும். மறு ஆண்டு அவர் இருக்க மாட்டார். நூறு பேர் படிக்கிறார்கள் என்று நாம் போட்ட கணக்கும் இருக்காது. முகத்தாட்சண்யத்துக்காகச் சேர்ந்த உறவினர்களும் இப்படித்தான். மொத்தமாகத் தர முன்வருகிறவரிடம், எந்தப் பள்ளிக்கு, எந்த வாசகருக்கு என்று பெயர்ப் பட்டியலோடு கேளுங்கள். இரண்டாம் ஆண்டும் தாமாகப் புதுப்பிக்கிறவர்தான் உண்மையான சந்தாதாரர். முடிவதற்கு ஓர் இதழ் முன்பே அவருக்கு நினைவூட்டுங்கள்.

அடுத்த இரண்டு இதழுக்கான கதைகள் கையில் சேரும்வரை சந்தா அறிவிப்பே வேண்டாம்.

வாசகரிடம் காசு வாங்கிக்கொண்டு எழுத்தாளருக்கு ஒன்றும் தராமல் இருப்பதை என்னால் ஏற்க முடியாது. கதைக்கு 30 ரிங்கிட்தான் முடியுமென்றால் அதையாவது கொடுங்கள். முதல் வெளியீட்டு உரிமையை மட்டும் கேளுங்கள். 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் வாழ்நாள் முழுதும், மறைந்து 50 ஆண்டு வரையும் கதைக்கு உரிமை உண்டு. தொகுப்பு போடும் நாளில் அவர் நம்மிடம் வந்து கெஞ்சக் கூடாது. எல்லாக் கதையையும் சந்தாவுக்குள் பூட்டிவிடவும் வேண்டாம். பழைய இதழ்களைத் தமிழ்ப்பள்ளி நூலகத்துக்குக் கொடுங்கள். நாளைய வாசகர் அங்கேதான் இருக்கிறார்.

சட்ட வேலைகளைத் தள்ளிப்போடாதீர்கள். 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்கீழ் அச்சுப் பருவ இதழுக்கு உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். வணிகமாக நடத்தினால், தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் என்னும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சந்தாதாரர் எண்களையெல்லாம் ஒரே வாட்சப் குழுவில் போட்டு ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும்படி செய்வதும் தவறு. தனிநபர் தரவுகளைக் காக்க 2010ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தோட்டத்து ஆபீஸ் முகவரியை மட்டும் வாங்கி நிறுத்தாதீர்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்தை விட்டுத் தாமானுக்கு, அதாவது வெளியே உள்ள குடியிருப்புக்கு, குடிபோனவருக்கு இதழ் போய்ச் சேராது. ஆண்டுக்கு ஒருமுறை முகவரியைக் கேட்டுச் சரிபாருங்கள்.

இதழ் நிற்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் தொடங்கும்போதே எழுதி வைக்க வேண்டும். எங்கள் ரசீதில் ஒரு வரி இருக்கிறது: “இதழ் நின்றால், வராத ஒவ்வோர் இதழுக்கும் 10 ரிங்கிட் திருப்பித் தரப்படும்.” அந்த அம்மா பேத்தியைக் கூப்பிட்டு அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு 20 ரிங்கிட்டை எடுத்து நீட்டி, “மீதி, ரெண்டு புத்தகம் வந்தப்புறம்” என்றார்.