மாவுக்கட்டுக்குள் வலி ஏறினால்: கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்

முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு அறைகளுக்குள் இருக்கின்றன. அறைச் சுவரான தசையுறை அதிகம் விரிந்து கொடுக்காது. கீழ்க்கால் எலும்பு முறிந்து உள்ளே ரத்தம் கசிந்தால் அழுத்தம் ஏறி நுண்குழாய்கள் நசுங்கும். தசைக்கு ரத்தம் போகாது. இதுதான் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். முன்கையிலும் இது வரும். நாட்டுக்கட்டோ மாவுக்கட்டோ, இறுக்கிக் கட்டியிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

முதலில் வருவது வலி. முறிவை அசையாமல் கட்டி, ஊசியும் போட்ட பிறகு வலி தணிய வேண்டும். மாறாக ஏறிக்கொண்டே போனால் உடனே சந்தேகப்படுங்கள். கால் கட்டைவிரலை மெல்லக் கீழே மடக்கிப் பாருங்கள். கீழ்க்காலின் முன்பக்கம் சுரீரென்று வலித்தால் அது வலுவான அடையாளம். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மரத்துப்போவதும் அப்படித்தான். சிறுபிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது: ஓயாத அழுகை, பதற்றம், அடிக்கடி வலிமருந்து தேவைப்படுவது ஆகியவற்றைக் கவனியுங்கள். நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட்டிருந்தால் வலி மறைந்துவிடலாம்.

‘பாதத்தில் நாடி நன்றாகத் துடிக்கிறதே’ என்று ஏமாறாதீர்கள். தமனியையே அடைக்கும் அளவுக்கு அழுத்தம் ஏறுவது அரிது. நாடி நிற்கும்வரை காத்திருந்தால் தசை செத்திருக்கும்.

வீட்டில் இருந்தால் கட்டைப் பிரிக்கப் போராடாமல் எலும்பு அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள். சாப்பாடு, தண்ணீர் வேண்டாம். வார்டில் இருந்தால் மாவுக்கட்டை இருபுறமும் நெடுக வெட்டி, உள்ளிருக்கும் பஞ்சையும் தோல் தெரியும்வரை பிரிக்க வேண்டும். பஞ்சை விட்டுவிடுவது வழக்கமான தவறு. காலைத் தலையணை மேல் தூக்கி வைக்காதீர்கள், வரும் ரத்தமும் குறையும். இதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். ரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும்.

அறிகுறிகள் தெளிவாக இருந்தால் அறைக்குள் உள்ள அழுத்தத்தை அளவெடுக்கக் காத்திருக்கத் தேவையில்லை. மயக்கத்தில் உள்ளவருக்குத்தான் அளவு கைகொடுக்கும்: ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணில் இருந்து அறையின் அழுத்தத்தைக் கழியுங்கள். கீழ் எண் 70, அறைக்குள் 45 என்றால் மிச்சம் 25. 30-க்குக் கீழே நின்றால் அறுவைதான்.

பொதுவாக வெளிப்பக்கம் ஒன்று, உட்பக்கம் ஒன்று என நீளமாக இரண்டு கீறல் போட்டு நான்கு அறைகளையும் திறப்பார்கள். பின்புறத்து ஆழமான அறைதான் விட்டுப்போகக்கூடியது. சுமார் 6 மணி நேரத்துக்குள் திறந்தால் தசை பெரும்பாலும் பிழைக்கும். புண்ணைத் தைக்காமல் விட்டு, 48 முதல் 72 மணி நேரத்தில் மறுபடி பார்ப்பார்கள். வீக்கம் வற்றியதும் தைப்பதோ தோல் ஒட்டுவதோ நடக்கும். அதுவரை சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். கோலா நிறத்தில் போனால் செத்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.