கோயில் பக்கத்தில் உறுமி மேளம் ஒலிக்க

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு இணையப் பக்கம் செய்கிறீர்களா? உறுமி மேளப் பதிவைச் சேர்க்க இணையப் பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல் 5-இன் 'ஆடியோ' (audio) டேக் போதும். அதில் 'கன்ட்ரோல்ஸ்' (controls) என்ற சொல் விடுபட்டால் பிளே பட்டனே தெரியாது. பக்கம் திறந்ததும் தானே ஒலிக்கச் செய்யும் 'ஆட்டோபிளே'யை (autoplay) நம்பாதீர்கள், பார்ப்பவர் தொடாமல் சத்தம் எழுப்புவதை 2018 முதல் குரோம் பிரவுசர் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. அது நல்லதுதான்.

சுருக்கப்படாத வேவ் (WAV) ஒலிக் கோப்பை அப்படியே ஏற்றினால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினால் ஏறக்குறைய 1 எம்பிதான். தோட்டத்துக்குள் லைன் மெதுவாக இருந்தால் ஒலியை முன்கூட்டியே இறக்கும் 'பிரீலோட்' (preload) மதிப்பை 'நன்' (none) என்று வையுங்கள். தட்டிய பிறகே டேட்டா செலவாகும்.

வீட்டுக் கணினியில் பாடியது, ஏற்றியபின் பாடவில்லையா? முதலில் கோப்பின் பெயரைப் பாருங்கள். விண்டோஸ் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. பக்கத்தை ஏற்றி வைக்கும் லினக்ஸ் சர்வர் பார்க்கும். முழுப் பெயரும் சிறிய எழுத்தில், இடைவெளியின்றி இருக்கட்டும்.