சாரோஸ் கணக்கில் அடுத்த சூரிய கிரகணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

தெரிந்த ஒரு கிரகணத்தின் தேதியையும் உச்ச நேரத்தையும் உலகப் பொது நேரத்தில் (யூடிசி) எழுதிக்கொள்ளுங்கள். அதனுடன் 6585 நாள், 7 மணி 42 நிமிடம் கூட்டுங்கள். இதுவே சாரோஸ், அதாவது ஒத்த கிரகணம் மீண்டும் வரும் சுற்று; 223 அமாவாசைகளின் இடைவெளி. நாட்காட்டியில் 18 ஆண்டு, 11 நாள். இடையில் பிப்ரவரி 29 ஐந்து முறை வந்தால் 10 நாள்தான். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கும், எனவே லீப் ஆண்டுகளை விரல்விட்டு எண்ணுங்கள்.

2007 மார்ச் 19 பகுதி கிரகணத்தை எடுப்போம். 2008, 2012, 2016, 2020, 2024 என ஐந்து லீப் ஆண்டுகள். 10 நாள் கூட்டினால் 2025 மார்ச் 29. அன்றும் பகுதி கிரகணம்தான். அடுத்த சுற்றில் நான்கே லீப் ஆண்டுகள், ஆகவே 2043 ஏப்ரல் 9. ஆனால் அது முழு கிரகணம்! ஒவ்வொரு சுற்றிலும் நிலவு தன் கணுவைப் (அதன் பாதை சூரியனின் தோற்றப் பாதையை வெட்டும் புள்ளி) பொறுத்து அரை டிகிரி அளவு நகர்ந்துவிடுகிறது. இந்தக் கிரகணங்கள் அடங்கிய 149-ஆம் சாரோஸ் தொடரில் நிலவின் நிழல் மெல்லத் தெற்கே இறங்கி வருகிறது; முதலில் பூமியின் வடதுருவப் பகுதிக்கு மேலே விலகிச் சென்ற கருநிழல் 2043-இல் தரையைத் தொடுகிறது. எந்தத் தொடரும் ஒரு துருவத்தருகே பகுதி கிரகணமாகத் தொடங்கி, எதிர்த் துருவத்தருகே பகுதி கிரகணமாகவே முடியும்.

உங்கள் ஊரில் தெரியுமா என்பது வேறு கேள்வி. மிச்சமுள்ள ஏறத்தாழ 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடுவதால், தெரியும் பகுதி சுமார் 120 டிகிரி மேற்கே தள்ளிப்போகும். பழைய தீர்க்கரேகைக்கு அருகே வர மூன்று சுற்று, அதாவது 54 ஆண்டும் ஒரு மாதமும் ஆகும். உள்ளூர் நேரத்துக்குக் கடைசியில் மட்டும் மாற்றுங்கள். முன்பே மாற்றினால் தேதி ஒரு நாள் பிசகலாம். கிடைத்த நேரம் அரை மணி முன்பின் இருக்கலாம், ஆகவே துல்லியத்துக்கு நாசாவின் கிரகணப் பட்டியலுடன் ஒப்பிடுங்கள்.